துணைநிரல்களும் எழுத்திலக்கணமும்

‘விழிதியூர்’ என்னும் காரைக்கால் பகுதி ஊர்ப்பெயர் வி, ழி, தி, யூ, ர் என ஐந்தெழுத்தால் ஆயது. கணினியோ அதனைப் பத்தெனக் கணக்கிடும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலிருந்தே அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றிற்குத் தனித்தனிக் குறியெண் தரப்பட்டமையே இதற்குக் காரணமாம்.

வரிசைமுறையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. விழிதியூர், விளக்கு, விறகு, வினை என்பது அகராதி முறை. குறியெண்ணை மட்டும் நோக்கி அடுக்கின், வினை, விறகு, விளக்கு, விழிதியூர் எனத் தலைகீழாகும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் நிற்கின்றன.

இவ்விடர்ப்பாட்டை நீக்குவன துணைநிரல்கள். ஒருமுறை எழுதி வைக்கப்பெற்றுப் பல மென்பொருள்களும் அழைத்துப் பயன்கொள்ளும் சிறு நிரல்களையே அவ்வாறு கூறுகின்றோம். பைத்தான் மொழியில் அமைந்த ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் திறந்தமூலத் தொகுதி இத்தகையது. அதிலுள்ள ஒரு நிரல் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும்; பிறிதொன்று இரு சொற்களை நெடுங்கணக்கு முறையில் ஒப்பிடும்.

எழுத்தாவது யாது என்னும் இலக்கண வரையறையே இந்நிரல்களுள் உறைகின்றது. அதில் ஒரு பிழை நேரின், அதனை நம்பி எழுந்த சொல்லடைவு, அகராதி, யாப்பாய்வு அனைத்தும் பிழைபடும். மூலம் திறந்திருத்தலின், எவரும் அதனைப் படித்துத் திருத்தம் கூறலாம். ஆகவே, சுவடிப் பாடங்களை ஒப்புநோக்கும் தமிழறிஞர் இந்நிரல்களையும் ஒப்புநோக்குதல் கடன் என்பது நம் கருத்து.