டி.வி. பணத்துக்காக 'டாட்டா' காட்டிய 10 பல்கலைக்கழகங்கள்: அம்போ என நின்ற 2 அணிகள்

அமெரிக்காவில் 108 ஆண்டு பழமையான கல்லூரி விளையாட்டு கூட்டணி ஒன்று 2023-ம் ஆண்டு சீட்டுக்கட்டு போல சரிந்தது. அதில் இருந்த 12 பல்கலைக்கழகங்களில் 10 கழன்று கொள்ள, மிச்சம் நின்றது இரண்டே இரண்டு.

கூட்டணியின் பெயர் பசிபிக்-12. மேற்கு கடற்கரை கல்லூரிகள் 1915-ல் போட்ட அஸ்திவாரம்.

இந்த 'கான்பரன்ஸ்' என்பது என்ன? ஒரு வட்டாரத்து கல்லூரிகள் ஒரு செட்டாக சேர்ந்து தங்களுக்குள் மோதும். டி.வி. ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்று பங்கு பிரித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

பந்தை கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க கால்பந்துதான் இதில் கறவை மாடு. நீச்சல், தடகளம், கைப்பந்து எல்லாம் பெரும்பாலும் அந்த பாலை குடித்துத்தான் பிழைக்கின்றன.

முதலில் கிளம்பியவை லாஸ் ஏஞ்சல்சின் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகங்கள். 2022 ஜூன் 30-ந்தேதி 'பிக் டென்' கூட்டணிக்கு தாவுவதாக அறிவித்தன. யு.சி.எல்.ஏ. விளையாட்டு துறைக்கு 3 ஆண்டில் 10 கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்திருந்தது. அடுத்த சில வாரங்களில் பிக் டென் போட்ட டி.வி. ஒப்பந்தமோ 7 ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல்! கடன்காரன் எந்த பக்கம் ஓடுவான்?

இதில் ஒரு வேடிக்கை. யு.சி.எல்.ஏ. போனதால் அதே அரசு நிர்வாகத்தில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வருமானம் அடிபட்டது. அதற்கு ஈடாக வருஷம் 1 கோடி டாலர் கொடு என்று 2024-ல் மேலிடம் உத்தரவு போட்டது. இதை 'ஜீவனாம்சம்' என்று அங்கே கிண்டல் செய்கிறார்கள்.

பெரிய ஊர் போனதும் கூட்டணியின் மவுசு குறைந்தது. டி.வி. கம்பெனிகள் பின்வாங்கின. ஆப்பிள் நிறுவனம் மட்டும், சந்தாதாரர் சேரச்சேர பணம் என்ற கணக்கோடு வந்தது. நம்பிக்கை இல்லை. 2023 ஆகஸ்டு 4-ந்தேதி ஒரே நாளில் 5 பல்கலைக்கழகங்கள் மூட்டை கட்டின.

இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் கைப்பந்து மாணவிகள் நியூஜெர்சி வரை சுமார் 4 ஆயிரம் கி.மீ. பறக்க வேண்டும். நடுவில் பரீட்சை வேறு!

யாரும் கூப்பிடாமல் நின்றவை வாஷிங்டன் ஸ்டேட்டும், ஆரிகான் ஸ்டேட்டும். விளையாட்டில் மட்டம் என்று அர்த்தமில்லை. ஊர் சின்னது, டி.வி. பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் இரண்டும் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்கு போய், கூட்டணி நிர்வாகமும் கஜானாவும் ஓடியவர்கள் கைக்கு போகாமல் தடுத்து ஜெயித்தன. பிறகு போய்ஸ் ஸ்டேட் உள்ளிட்ட புது அணிகளை 2026-ல் இருந்து ஆட சேர்த்துக்கொண்டன.

என்றாலும் பழைய டி.வி. பணம் வரவில்லை. வீரர்களுக்கே வருமானத்தில் பங்கு கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் கோர்ட்டு அனுமதித்ததில் செலவும் ஏறியது. அதே மாதம் வாஷிங்டன் ஸ்டேட், தடகளத்தில் நீண்டதூர ஓட்டத்துக்கு முக்கியத்துவம் கொடுத்து, தாண்டுதல், எறிதல் பிரிவுகளுக்கு மூடுவிழா நடத்தியது.