நூற்படிகளும் வன்தட்டும்

எண்ணூரில் பழைய நூல்களைச் சேர்த்து வைத்திருப்போர் அவற்றைப் படமாக்கிக் காக்க முற்படின், எத்தகைய வன்தட்டு ஏற்றது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கொள்ளளவு. ஏ4 தாளொன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் படமாக்கினால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். 200 பக்க நூலுக்கு 5.2 ஜிகாபைட். ஆகவே 4 டெராபைட் தட்டு ஏறக்குறைய 770 நூல்களைத் தாங்கும்.

விரைவு இப்பணிக்கு அத்துணை இன்றியமையாததன்று. நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டில், வேண்டும் பகுதி படிப்புமுனைக்குச் சுழன்று வரச் சராசரியாக 5.6 மில்லி வினாடி. 7200 முறை சுழல்வதில் 4.2. நூல் பயில்வோன் இவ்வேறுபாட்டை உணரான். எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத் தட்டோ பன்மடங்கு விரைவுடையது. எனினும் விலை மிகுதி. மின்னூட்டமின்றி நெடுநாள் கிடப்பின் அதன் பதிவு நலியவும் கூடும்.

விரைவிற்கென ஈயும் பொருளை இரண்டாம் தட்டிற்கு ஈதலே தக்கது என்பது எம் கருத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெயோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த வீடுகளுள் புகுந்ததை அறிந்தோர் இரு படிகளையும் ஒரே பேழையில் வையார். ஒன்று மதுரையிலோ திருச்சியிலோ உள்ள உறவினர் இல்லத்தில் இருக்கலாம். வினாடிக்கு 150 மெகாபைட் வீதம் 4 டெராபைட்டையும் படியெடுக்க ஏழரை மணி நேரமே ஆகும்; ஓர் இரவு போதும்.