இறங்கி வரும் கோப்பு இடையில் கெடுவது ஏன்?

அல்சூர், ஜோகுபாளையம் பகுதிகளில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இல்லாத தமிழ்த் தெரு அரிது. வலைப்பின்னல் பாடத்தில் அவர்கள் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பு அனுப்பும் நிரல் எழுதுகிறார்கள். சிறு கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. புகைப்படமோ திறக்க மறுக்கிறது. காரணம் என்ன?

தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் குழாய் வழியே காவிரி நீர் பெங்களூருக்கு வருகிறது. அங்கே எத்தனை முறை நீரை ஏற்றினார்கள் என்பது நம் வீட்டுக் குழாய்க்குத் தெரியாது. டிசிபி இணைப்பும் அப்படியே. பைட்டுகள் வரிசை மாறாமல் வரும்; ஆனால் அனுப்பியவர் பிரித்த அளவிலேயே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதல் பிழை இங்கேதான். 4,096 பைட் கேட்கிறோம். 1,808 மட்டும் வருகிறது. நிரல் தொட்டி முழுவதையும் எழுதிவிட்டால், முந்தைய பைட்டுகளும் ஒட்டிக்கொள்ளும். 10,000 பைட் கோப்பு 12,288 ஆகிவிடும். ‘ரிசீவ்’ கட்டளை திருப்பித் தரும் எண்ணிக்கையை மட்டுமே எழுத வேண்டும். அனுப்பும் பக்கமும் ‘செண்ட்’ எவ்வளவு ஏற்றுக்கொண்டது என்று பார்த்து, மீதியை மறுபடி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, முடிவு தெரியாமை. ஒரே முறை வாங்கி நிறுத்தினால் கோப்பு பாதியில் நிற்கும். கோப்பின் அளவை முன்னதாக அனுப்பி, அத்தனையும் சேரும்வரை வாங்குக. அவ்வெண்ணின் பைட் வரிசையும் இருபுறமும் ஒன்றாயிருக்க வேண்டும். நான்கு பைட் எண்ணாக அனுப்பிய 1, வரிசை தலைகீழானால் 1,67,77,216 என்று படிக்கப்படும்!

மூன்றாவது, படத்தை எழுத்தாகக் கருதுவது. சி மொழியில் ‘ஸ்டர்லென்’ முதல் சுழிப் பைட்டிலேயே நின்றுவிடும். படத்திலோ சுழிகள் ஏராளம். விண்டோஸில் கோப்பை ‘பைனரி’ முறையில் திறக்காவிட்டால், எழுதும்போது 10 என்னும் பைட் ஒவ்வொன்றும் 13, 10 என இரண்டாகும்.

தமிழுக்கென்று தனித் தொல்லை ஒன்றும் உண்டு. பழைய டிஸ்கி முறையில் ஒரு குறிக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8 முறையில் ‘க’ மூன்று பைட், ‘கி’ ஆறு. 4,096 மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆகவே தொட்டியின் விளிம்பில் ஓர் எழுத்து இரண்டாக வெட்டுப்படலாம். துண்டு துண்டாக எழுத்தாக்கினால் அவ்விடத்தில் கேள்விக்குறிகள் தோன்றும். முழுவதும் வந்தபின் எழுத்தாக்குவதே முறை.

நோயைக் கண்டறிய முதலில் இரு கோப்புகளின் அளவை ஒப்பிடுக. கூடியிருந்தால் முதல் பிழையையோ விண்டோஸ் பிழையையோ தேடுக; குறைந்திருந்தால் இடையில் நின்றிருக்கிறது. அளவு சமமாயிருந்தும் திறக்கவில்லையெனில், லினக்ஸில் ‘சிஎம்பி’ கட்டளை முதல் வேறுபாட்டின் இடத்தைக் காட்டும். அது 4,097 என்றால், குற்றம் தொட்டியின் விளிம்பில் இருக்கக்கூடும்.

கடைசியாக ‘ஷா-256’ முத்திரை. இரு கோப்புகளுக்கும் கணக்கிட்டு வரும் 64 இலக்கங்களும் ஒன்றாயிருந்தால் கோப்பு பழுதின்றி வந்தது என்று நம்பலாம். டிசிபிக்கே 16 பிட் சரிபார்ப்பு உண்டு. ஆனால் அது நம் நிரலின் பிழையைப் பிடிக்காது.

மாணவர்க்கு இது மதிப்பெண் விஷயம். ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தையும், பெற்றோரின் பழைய புகைப்படங்களையும் கணிப்பொறியில் வைத்திருக்கும் நமக்கு இது உடைமை விஷயம். முத்திரை பொருந்தும்வரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.