இரும்பு குறைந்தால் குடல் என்ன செய்கிறது?

களைப்பு, தலைச்சுற்று, படியேறினால் மூச்சு வாங்குதல் ஆகியவற்றை வேலைப்பளுவின் மீதும் குளிரின் மீதும் சுமத்திவிட்டு நாட்களைக் கடத்துவது, புலம்பெயர்ந்து வாழும் எமது பெண்கள் பலரின் வழக்கமாகிவிட்டது. குருதிச் சோதனையின் பின்னரே இரும்புச்சத்துக் குறைவென்பது தெரியவருகிறது. இரும்பு குறைந்தால் குருதிச்சோகை உண்டாகும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், இரும்பு உடலினுட் புகும் வாயிலாகிய குடலும் அக்குறைவால் மாறுகிறது என்பதைப் பலர் அறியார்.

ஐந்து நாள் வாழ்வு

வளர்ந்தவர் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. நாள்தோறும் இழக்கப்படும் 1 முதல் 2 மில்லிகிராமை முன்சிறுகுடல் உணவிலிருந்து உறிஞ்சி ஈடுசெய்கிறது. இப்பணியைச் செய்யும் கலங்களின் ஆயுள் 3 முதல் 5 நாட்களே. பழையவை உதிர, புதியவை ஓயாது பிறக்கின்றன.

கலம் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.யை இரட்டிக்க வேண்டும். அதற்குரிய மூலப்பொருளை ஆக்கும் நொதியம் இரும்பின்றி இயங்காது. கலத்தை வளருமாறு தூண்டும் எம்-ரோர் என்னும் புரதத்தின் செயலும் இரும்பு குறையும்போது மந்தமடைவதை ஆய்வுகூடங்களிற் கண்டுள்ளனர். வாயோரப் புண்ணும் வழுவழுப்பான நாக்கும், விரைவாகப் புதுப்பிக்கப்படும் இழையங்கள் இரும்பின்றி வாடுவதன் அடையாளங்களே.

திறக்கும் கதவு, மூடும் கதவு

எனினும் குடல் வாளாவிருப்பதில்லை. ஹிப்-2 என்னும் புரதத்தைக் குடற்கலம் வழமையாக உடனுக்குடன் அழித்துவிடும். அழிவுக்கு வழிவகுக்கும் நொதியத்துக்கும் இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் ஹிப்-2 அழியாது நிலைத்து, இரும்பை உள்வாங்கும் புரதங்களைக் கூடுதலாக ஆக்குமாறு கட்டளையிடுகிறது. பற்றாக்குறையே கதவை அகலத் திறக்கிறது.

அக்கதவை மூடுவது ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஓமோன். ஒரு குளிசை விழுங்கியதும் ஹெப்சிடின் உயர்ந்து, ஏறத்தாழ ஒருநாள் வரை அடுத்த குளிசையின் உறிஞ்சலைக் குறைக்கிறது. சுவிற்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள் இரும்பு குறைந்த பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் குளிசை எடுத்தவர்களிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களே கூடுதலான இரும்பை உறிஞ்சினர். விரைவிற் குணமடையலாமென எண்ணி இரட்டிப்பாக விழுங்குவதாற் பயன் இரட்டிப்பாகாது என்பது இதனாற் புலனாகும்.

நாம் செய்யக்கூடியவை

சோறுண்டதும் தேநீர் அருந்துவது எம்மவர் பழக்கம். தேயிலையிலுள்ள பொருட்கள் கீரை, பருப்பு முதலியவற்றின் இரும்பைப் பிணைத்து, உறிஞ்சவிடாது தடுக்கின்றன. தேநீரை ஓரிரு மணித்தியாலம் தள்ளி வைத்து, உணவில் தேசிக்காய்ப் புளி சேர்த்துக்கொள்வது நன்று. அதிலுள்ள விற்றமின் சி இரும்பு உட்செல்ல உதவும்.

குருதிச் சோதனையின்றித் தாமாகவே குளிசை வாங்கி விழுங்குவது தவறு. தலசீமியா போன்ற பரம்பரை நோயாலும் சோகை உண்டாகலாம். அத்தகையோருக்கு மிகை இரும்பு தீங்கு விளைவிக்கக்கூடும். ஆண்களிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இரும்பு குறைந்தால், குடலில் மறைவாகக் குருதி கசிகிறதா என ஆராய்வது அவசியம். அக்கசிவு சிலவேளை புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

களைப்பை விதியென ஏற்றுக்கொள்ளாது வைத்தியரை நாடுவோமாக.