ஆடியில் திறந்த அலமாரி

மட்டாஞ்சேரியில் கல்யாணப் படம் எடுப்பவனுக்கு ஒரு பஞ்சாங்கம் போதாது. நமக்கு ஆடியில் முகூர்த்தமில்லை. மலையாளிகளுக்கு அதுவே கர்க்கடகம். ஆவணி பிறந்தால் ஓட்டம்தான். செரளாயியில் கொங்கணியர், குஜராத்தி ரோட்டில் குஜராத்தியர் என அழைப்புகள் வரும். மார்கழியில் நாம் ஓய்ந்தாலும், கிறிஸ்துமஸ் கழிந்ததும் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணங்கள் தொடங்கும். பெரிய நோன்பில் அவை நிற்கும். ரம்ஜானில் நிக்காஹ் அபூர்வம். பெருநாள் முடிந்தால் மூச்சுவிட நேரமிராது.

இந்த வருஷத்தில் மனதில் நிற்பது வேலையில்லாத ஆடிதான். நம் ஊர்க்கார அம்மா ஒருவர் வந்தார். "தம்பி, என் கல்யாண ஆல்பம் ஈரத்துல ஒட்டிப்போச்சு. அப்பாவுக்கு வேற படமே கிடையாது" என்றார்.

1986-இல் நான் எடுத்த கல்யாணம். 1960-இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள். நெகடிவைத் தேடி எடுத்தேன். தாரை வார்க்கும் படத்தில் பூஞ்சை படர்ந்து, அப்பாவின் முகமே இல்லை. குற்றம் என்னுடையதும்தான், காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்க வேண்டும்.

கடைசித் துண்டில் ஒரு படம் தப்பியிருந்தது. பந்தியில் சாம்பார் வாளியுடன் அப்பா, சிரித்தபடி. அன்று யாரும் பிரிண்ட் கேட்காத படம். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

அன்பர்களே, கொச்சி மழைக்காற்று ஆல்பத்தை விடாது. சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். செல்போன் படங்களுக்கும் இரண்டு பிரதி வேண்டும். பந்திப் படங்களையும் பிரிண்ட் போடுங்கள்; பின்புறம் பென்சிலால் பெயர் எழுதுங்கள்.