பிரம்பில்லாத சட்டாம்பிள்ளை

காது கேட்கும் குழந்தைக்குத் தாய்ப்பாஷையை ஒருவரும் பாடம் வைத்துப் போதிப்பதில்லை. அடுக்களையிலும் வாசலிலும் பெரியவர்கள் பேசுவது ஓயாமல் செவியில் விழுந்துகொண்டேயிருக்க, இலக்கணம் என்று ஒன்று உண்டென்பதையே அறியாமல் அது பேசத் தொடங்கிவிடுகிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இந்த அனுகூலம் இல்லை. அமெரிக்காவில் அத்தகைய பிள்ளைகள் பலர், புத்திக்கூர்மையில் யாருக்கும் சளைக்காதவர்களாயிருந்தும், ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதப் புகுந்தால் 'தி', 'ஏ' போன்ற சிறு சொற்களை விட்டுவிடுவதும், வினைச்சொல்லின் விகுதியை மறப்பதும், சொற்களை முன்பின்னாக வைப்பதுமாக இடர்ப்பட்டார்கள்.

இதற்குப் பரிகாரமாக அறுபதுகளில் அந்நாட்டார் நாடிய சாதனங்களில் ஒன்று போதனா யந்திரம். 1953இல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் மனோதத்துவப் பேராசிரியர் பி. எஃப். ஸ்கின்னர், தம் மகளின் வகுப்புக்குச் சென்று கணக்குப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்க, முடியாத பிள்ளை தவித்திருக்க, எழுதிய விடை சரியா தவறா என்பது எவருக்கும் உடனே தெரியாதிருந்த அந்த நிலை, புறாக்களுக்குப் படிப்படியாக வித்தை பழக்கிவந்த அவருடைய மனத்தை உறுத்திற்று. பாடத்தை மிகச் சிறிய படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் மாணவனையே விடையெழுதச் செய்து, எழுதிய மறுகணமே சரியான விடையைக் காட்டும் பெட்டி ஒன்றை அவர் அமைத்தார். (இருபதுகளிலேயே சிட்னி பிரெஸ்ஸி இதையொத்த யந்திரம் ஒன்றைச் செய்து, ஆதரவின்றிக் கைவிட்டது வேறு கதை.)

கண்ணோடு மட்டுமே பேசும் இந்தப் பெட்டி, காது கேளாதார் பள்ளிக்கென்றே பிறந்ததுபோல் தோன்றியதில் வியப்பில்லை. ஒரே பிழையை நூறு தரம் செய்தாலும் முகம் சுளிக்காத, பிரம்பில்லாத சட்டாம்பிள்ளை அது. பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் ஜாக் பர்ச், ராஸ் ஸ்டக்லெஸ் இருவரும், காது கேளாத மாணவரின் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்கு இம்முறையில் பாடங்கள் அமைத்துச் சோதித்தனர். எழுபதுகளில், ஸ்டான்ஃபோர்டிலிருந்த கம்ப்யூட்டர் தொலைபேசிக் கம்பி வழியே தூரத்துப் பள்ளிகளின் தட்டச்சுக் கருவிகளுக்கே கணக்கும் மொழியும் அனுப்பிற்று.

ஆயினும், பிழை திருத்துவதில் சமர்த்தான இந்த யந்திரம் பாஷையை ஊட்டவல்லதென்று நான் நம்பவில்லை. விடை இன்னதென்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட பெட்டியிடம், தன் நாய்க்குட்டி காணாமற்போன துக்கத்தை ஒரு பிள்ளை எப்படிச் சொல்லிக்கொள்ளும்? பேச ஆளிருந்தால்தான் பேச்சு வளரும். இதற்குச் சான்று தந்தவர்களும் அதே பர்ச்சும் ஸ்டக்லெஸ்ஸுமே. காது கேளாத பெற்றோரிடம் சிறுவயது முதல் சைகை மொழியிலேயே வளர்ந்த பிள்ளைகளை, அவ்வாறு வளராத காது கேளாத பிள்ளைகளோடு ஒப்பிட்டு 1966இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாசிப்பிலும் எழுத்திலும் உதட்டசைவை அறிவதிலும் முன்னவரே மேலாக நின்றனர். சைகை பழகினால் வாய்ப்பேச்சு கெட்டுவிடும் என்று ஆசிரியர் பலர் அஞ்சிவந்தார்களே, அந்தப் பேச்சின் தெளிவில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே காணப்படவில்லை.