உங்களுக்குத் தெரியுமா? கிருமியை விரட்டும் ஒன்றரை வோல்ட்

செயற்கை மூட்டோ பேஸ்மேக்கரோ, உடலுக்குள் எதைப் பொருத்தினாலும் அதன்மேல் முதலில் இடம்பிடிக்க நம் திசுக்களும் பாக்டீரியாக்களும் முட்டிமோதுகின்றன. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஆன்டனி கிரிஸ்டினா 1987-இல் இதை ‘மேற்பரப்புக்கான ஓட்டப்பந்தயம்’ என்றார்.

பாக்டீரியா முந்திக்கொண்டால் தன்னைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதுதான் பயோஃபிலிம். அதற்குள் இருக்கும் கிருமிகளில் பல வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். ஆன்டிபயாடிக்குகளில் பலவும் வளரும் கிருமியைத் தாக்குபவை என்பதால் இவற்றை ஒன்றும் செய்ய முடிவதில்லை. தனித்துத் திரியும் கிருமியைவிட ஆயிரம் மடங்கு வரைகூட இவை மருந்தைத் தாங்கும். கடைசியில் பலருக்கு, பொருத்திய மூட்டையே கழற்றி, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி அறுவை செய்து புது மூட்டு வைக்க வேண்டியிருக்கிறது. வயதான உடலுக்கு இது எத்தனை பெரிய வேதனை!

மின்சாரம் உதவும் என்று கண்டவர்களில் முக்கியமானவர் பயோஃபிலிம் ஆய்வின் முன்னோடி பில் காஸ்டர்டன். மருந்தோடு மெல்லிய மின்னோட்டத்தையும் சேர்த்துச் செலுத்தினால், மருந்து மட்டும் கொடுத்தால் அசையாத படலக் கிருமிகள் மடிவதை 1990-களின் தொடக்கத்தில் அவருடைய குழு காட்டியது.

அதற்கும் முன்னரே, 1970-களில், நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் ராபர்ட் பெக்கரும் ஜோசப் ஸ்படாரோவும் வெள்ளி மின்முனையில் மிகச் சிறிய மின்னோட்டம் பாய்ச்சி, அதிலிருந்து வெளிவரும் வெள்ளி அயனிகளால் நாள்பட்ட எலும்புத் தொற்றுக்குச் சிகிச்சை அளித்தார்கள்.

இன்று பேசப்படும் முறையில் தனியாக மின்முனை நுழைக்கத் தேவையில்லை. உடலில் பொருத்திய டைட்டானிய உலோகமே மின்முனை! பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்கு வைத்த டைட்டானியத்தில் மைனஸ் 1.8 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி உலோகத்தின் மேலும் சுற்றியிருந்த எலும்பிலும் வெகுவாகக் குறைந்தது. உலோகத்தில் எதிர்மின்னழுத்தம் இருக்கும்போது அதை ஒட்டியுள்ள நீரும் ஆக்சிஜனும் வேதிமாற்றம் அடைகின்றன. அந்த மெல்லிய அடுக்கில் காரத்தன்மை ஏறுகிறது, ஹைட்ரஜன் பெராக்சைடும் உருவாகலாம். கிருமிக்கு அங்கே வாழ்வது கடினம்.

வரும்முன் காக்கும் வழியும் உண்டு. நம் தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டேஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், அறுவையின்போது உள்ளே போய்விட்டால் ஆபத்து. சிகாகோ, சான் டியேகோ ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சற்றே அமிலத்தன்மையுள்ள சூழலில் 1.5 வோல்ட் துடிப்புகள் அந்தக் கிருமி படலம் கட்டுவதைத் தடுத்தன. டார்ச் லைட் பேட்டரி ஒன்றின் மின்னழுத்தம்தான் அது. பன்றித் தோலிலும் சோதித்தார்கள்.

மின்னோட்டம் மிஞ்சினால் எலும்புச் செல்களும் சாகும். அளவு பிசகாமல் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூட்டு மாற்றும் மருத்துவமனைகளில் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஆகவே, மூட்டு மாற்றியவர்களே, தழும்பில் நீர் கசிந்தாலோ, சிவந்து வீங்கினாலோ, மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். மாத்திரை போட்டபின் பரிசோதனைக்கு எடுக்கும் மாதிரியில் கிருமி சிக்காமல் போகக்கூடும். அறுவை செய்த மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.